க்ளென் ஆஃப் இமால் டெரியர்: அரிய வேட்டை நாயை வீட்டுத் துணையாகத் தேடுவது எப்படி?

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டர் பக்கம் இருக்கிறோம். ஒன்பது, ஆறு வயதில் இரண்டு பிள்ளைகள், ஒரு பூனை, வீட்டுக்குப் பின்னால் சிறிய தோட்டம். அயர்லாந்து நாயான க்ளென் ஆஃப் இமால் டெரியர் எங்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. வேட்டைக்கெல்லாம் போகப் போவதில்லை, வீட்டில் துணைக்குத்தான். ஆனால் விற்பனைத் தளங்களில் ஒரு குட்டிகூடக் காணோம். எப்படித் தேடுவது? சில வருடங்களில் சென்னைக்குத் திரும்பும் எண்ணமும் இருக்கிறது.

பதில்:

விற்பனைத் தளங்களில் தேடுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். இந்த இனத்துக் குட்டிகள் விளம்பரம் வரைக்கும் வருவதே அபூர்வம். பிரிட்டனில் ஆண்டுக்கு 300-க்கும் குறைவான குட்டிகள் பதிவாகும் உள்நாட்டு இனங்களை 'அருகிவரும் இனங்கள்' என்று, நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பான கென்னல் கிளப் பட்டியலிட்டிருக்கிறது. அதில் க்ளென்னும் உண்டு. பல ஆண்டுகளில் அதன் பதிவு எண்ணிக்கை நூறைத் தொடுவதே இல்லை. வளர்ப்பவர்களில் பலர் தங்களுக்கே ஒரு குட்டி வேண்டும் என்று தோன்றும்போதுதான் பெட்டையை இணை சேர்க்கிறார்கள். மற்ற குட்டிகள் யாருக்கு என்பது அவை பிறக்கும் முன்பே முடிவாகிவிடும். அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் ஏற வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அதற்கு ஓராண்டு, இரண்டாண்டுகூட ஆகலாம்.

பெயரைக் கொடுக்கும் முன் இது எந்த வேலைக்காக உருவான நாய் என்பது தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் பிரீடர், அதாவது இனத்தை வளர்த்துக் குட்டி கொடுப்பவர், முதலில் கேட்பதே அதுதான். டப்ளினுக்குத் தெற்கே விக்லோ மலைப்பகுதியில் உள்ள ஒரு பள்ளத்தாக்குதான் இமால். ஏழைக் குடியானவர்களின் நாய் இது. எலி பிடிக்கும், நரியையும், வளை தோண்டி வாழும் பேட்ஜர் என்ற விலங்கையும் வளைக்குள் போய் எதிர்கொள்ளும். பெரும்பாலான டெரியர்கள் வளைக்குள் நின்று குரைத்து, மேலே இருப்பவர்களுக்கு இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பிறகு மண்வெட்டியோடு தோண்டுவார்கள். க்ளென்னை வளர்த்தவர்கள் கேட்டது வேறு: சத்தமே போடாமல் உள்ளே போய், பேட்ஜரைப் பற்றி, பின்பக்கமாக இழுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். ஐரிஷ் கென்னல் கிளப் 1934-இல் இந்த இனத்தை அங்கீகரித்தது. அந்தக் காலத்தில் 'டியாஸ்டஸ் மிஷ்னாக்' என்ற துணிச்சல் சான்றிதழுக்கான பேட்ஜர் சோதனையும் இருந்தது, சோதனையின்போது குரைத்தால் தோல்வி. அந்தச் சோதனைகள் 1960-களோடு நின்றுபோயின. பேட்ஜரைத் துன்புறுத்துவது இன்று பிரிட்டனிலும் அயர்லாந்திலும் குற்றம்.

அந்த வேலைதான் இந்த உடம்பைக் கொடுத்தது. தோள்பட்டை வரை உயரம் 35.5 சென்டிமீட்டருக்குள், எடையோ ஏறத்தாழ 16 கிலோ. அகன்ற மார்பு, லேசாக வளைந்த முன்னங்கால்கள், பெரிய நாய்க்குரிய தலை, தாடை. சின்ன நாய் என்று நினைத்துத் தூக்கப் போனால்தான் பாரம் தெரியும். மற்ற டெரியர்கள் போல ஓயாமல் குரைப்பதில்லை, துருதுருவென்று சுற்றுவதுமில்லை. வீட்டுக்குள் அமைதியாகப் படுத்திருக்கும். தினம் ஒரு மணி நேரம் நடை, கொஞ்சம் விளையாட்டு, அது போதும். துணை நாயாக இது பொருந்துவதற்கு இந்த நிதானம்தான் காரணம். இதே 'அரிய வேட்டை டெரியர்' வரிசையில் ஜெர்மன் யாக்ட்டெரியரும் வரும். அதை வீட்டுத் துணைக்கு என்று நினைக்கவே வேண்டாம். ஜெர்மனியில் அதன் பிரீடர்கள் வேட்டைக்காரர்களைத் தவிர மற்றவர்களுக்குப் பெரும்பாலும் கொடுப்பதில்லை, அதில் நியாயமும் இருக்கிறது.

நிதானமான நாய் என்பதால் வேட்டைக்குணம் போய்விட்டது என்று எண்ணிவிடாதீர்கள். க்ளென் சண்டையைத் தேடிப் போகாது, ஆனால் வேறு நாய் வம்புக்கு வந்தால் பின்வாங்காது. அதே பால் நாய்களோடு மோதல் வரும் வாய்ப்பு அதிகம். அணில், முயல், எலி எதைக் கண்டாலும் காது கேட்காத நாயாகிவிடும். வேலியில்லாத இடத்தில், அதுவும் ஆடுகள் மேயும் பக்கம், கயிற்றை அவிழ்க்கவே கூடாது.

உங்கள் வீட்டுப் பூனை விஷயத்தில் கொஞ்சம் நிற்போம். எட்டு வாரக் குட்டியாக வந்து, வளர்ந்த பூனையிடம் இரண்டு அறை வாங்கி வளர்ந்த க்ளென் அந்தப் பூனையை வீட்டு ஆளாக ஏற்றுக்கொள்வது நடக்கும். தோட்டத்துக்கு வரும் பக்கத்து வீட்டுப் பூனைக்கு அந்தச் சலுகை கிடையாது. கூடத்துக்கும் படிக்கட்டுக்கும் நடுவே குழந்தைத் தடுப்புக் கதவு ஒன்று போடுங்கள். பூனை ஏறி உட்கார இடுப்பளவு உயரத்துக்கு மேல் இரண்டு இடம் வேண்டும். பூனையின் சாப்பாட்டுத் தட்டும் மண் தட்டும் நாய் எட்டாத இடத்தில் இருக்கட்டும். குட்டிக்கு ஒரு வயது முடியும்வரை இரண்டையும் ஆளில்லாமல் ஒரே அறையில் விடக் கூடாது. பெரும்பாலும் பிசகுவது குட்டி வந்த முதல் வாரத்தில் அல்ல, ஏழெட்டு மாதத்தில், நாய் பூனையை விட மிகவும் கனமாகி விளையாட்டாகத் துரத்தத் தொடங்கும்போது. பூனை ஓடினால் துரத்தும், ஒருமுறை துரத்தி ருசி கண்டுவிட்டால் பழக்கமாகிவிடும். அந்த மாதங்களில் வீட்டுக்குள்ளும் நாயின் கழுத்துப்பட்டையில் இரண்டு மீட்டர் மெல்லிய கயிறு தொங்கட்டும். துரத்தத் தொடங்கும் நொடியில் கயிற்றை மிதித்து நிறுத்திவிடலாம். பிள்ளைகளுக்கு வெள்ளெலியோ முயலோ வாங்கிக் கொடுக்கும் எண்ணம் இருந்தால், இந்த நாய் வேண்டாம்.

இனி தேடும் வழி. முதலில் நாயை நேரில் பாருங்கள். மார்ச் மாதம் பர்மிங்காம் என்.இ.சி. கண்காட்சி வளாகத்தில் நடக்கும் க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் 'டிஸ்கவர் டாக்ஸ்' என்றொரு பகுதி உண்டு. ஒவ்வொரு இனத்தையும் வளர்ப்பவர்கள் தங்கள் நாய்களோடு அங்கே உட்கார்ந்திருப்பார்கள், தொட்டுப் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். லெஸ்டரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். க்ளென் போட்டி நடக்கும் நாளிலேயே போனால் ஒரே இடத்தில் பல நாய்களைப் பார்க்கலாம். போட்டி முடியும்வரை வளர்ப்பவர்களைத் தொந்தரவு செய்யாதீர்கள். முடிந்ததும் ஒரு தேநீரோடு உட்கார்ந்து பேசினால் மனம் திறந்து சொல்வார்கள். அங்கிருந்து அந்த இனத்துக்கான சங்கத்தின் செயலாளருக்கு எழுதுங்கள். அடுத்த ஆண்டு யார் வீட்டில் ஈற்று எதிர்பார்க்கலாம் என்பது பொதுவாக அவருக்குத் தெரிந்திருக்கும். ஐரிஷ் கென்னல் கிளப் மூலம் அயர்லாந்துப் பிரீடர்களையும் தொடர்புகொள்ளலாம்.

எழுதும் முதல் மின்னஞ்சலில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 'குட்டி இருக்கிறதா, விலை என்ன?' என்று ஒரு வரி எழுதினால் பதில் வராது. வீட்டில் பகலில் யார் இருப்பார்கள், நாய் அதிகபட்சம் எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும் என்பதை எழுதுங்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் என்றால் அதற்கு என்ன ஏற்பாடு என்பதும் வேண்டும். பிள்ளைகளின் வயது, பூனை, தோட்ட வேலியின் உயரம், முன்பு நாய் வளர்த்ததுண்டா, மயிர் பராமரிப்பை யார் பார்ப்பார்கள், இந்த இனத்தில் எதைப் பார்த்து விரும்பினீர்கள் என்பதெல்லாம் வர வேண்டும். கடுவன்தான், பெட்டைதான், இந்த நிறம்தான் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். நீலம், கோதுமை நிறம், வரியோடிய பிரிண்டில் என்று நிறங்கள் இருந்தாலும், சின்ன ஈற்றில் உங்களுக்குப் பொருந்தும் குட்டி எது என்பதை எட்டு வாரமாகப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். சென்னைத் திட்டத்தையும் மறைக்காமல் எழுதுங்கள். பின்னால் தெரியவந்தால் நம்பிக்கை போய்விடும்.

உடல்நலத்தில் முதலில் கேட்க வேண்டியது கண். இந்த இனத்தில் சிஆர்டி3 என்ற பரம்பரை விழித்திரை நோய் உண்டு. ஏடிஏஎம்9 என்ற மரபணுவில் உள்ள பிறழ்வு இதற்குக் காரணம் என்று 2010-ஐ ஒட்டிக் கண்டுபிடித்தார்கள், அதற்கு டிஎன்ஏ பரிசோதனையும் இருக்கிறது. பாதிக்கப்பட்ட குட்டிக்குப் பார்வை சரியாகவே இருக்கும். மூன்று வயதுவாக்கில்தான் கண் மருத்துவரின் கருவிக்கே மாற்றம் தெரியும், அதன் பிறகு படிப்படியாகப் பார்வை போகும். அதனால் 'தாய் நாய் நன்றாகத்தானே ஓடுகிறது' என்பது சான்றாகாது, தாளில் வந்த முடிவுதான் சான்று. இரு பெற்றோரிடமிருந்தும் பிறழ்வு வந்தால் மட்டுமே நோய் வரும். பிறழ்வே இல்லாத நாய் 'க்ளியர்', ஒரு பிரதி மட்டும் உள்ளது 'கேரியர்'. க்ளியரோடு கேரியரை இணைத்தால் சராசரியாகப் பாதிக் குட்டிகள் கேரியர்களாக இருக்கும், ஆனால் ஒன்றுக்கும் நோய் வராது. இரண்டு கேரியர்கள் சேர்ந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. கேரியர் என்ற சொல்லைக் கேட்டதும் பலர் விலகிப்போகிறார்கள், அது தவறு. இவ்வளவு சிறிய கூட்டத்தில் கேரியர் நாய்களை எல்லாம் ஒதுக்கினால் மீதி நாய்கள் நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைய வேண்டிவரும், அதிலிருந்து வேறு நோய்கள் கிளம்பும். உங்களுக்கு வேண்டியது துணை நாய். கேரியர் குட்டிக்குப் பார்வைக் குறை எதுவும் வராது.

பெற்றோரின் இடுப்பு எக்ஸ்ரே மதிப்பெண்ணையும் கேளுங்கள். பிரிட்டிஷ் முறையில் ஒரு பக்கத்துக்கு 0 முதல் 53 வரை, இரண்டும் சேர்த்து 106. எண் குறையக் குறைய நல்லது. க்ளென்களின் இடுப்பு எக்ஸ்ரேயில் பெரும்பாலும் அழகாக வருவதில்லை. கட்டையான கால் கொண்ட இனம் என்பதால் மதிப்பெண் கூடுதலாக வந்தும் நொண்டாமல் வாழும் நாய்கள் நிறைய. ஆகவே எண்ணைத் தனியாகப் பார்க்காமல், அந்த நாய்களின் தாத்தா பாட்டி பத்து வயதில் எப்படி நடந்தன என்று கேளுங்கள். கென்னல் கிளப் தளத்தில் பெற்றோரின் பதிவுப்பெயரை இட்டால் பதிவான பரிசோதனை முடிவுகளும், உறவுக்குள்ளேயே இணைந்த அளவைக் காட்டும் உள்ளினக் கலப்பு விகிதமும் இலவசமாகக் கிடைக்கும். ஒப்பீட்டுக்குச் சொல்கிறேன்: பெரியப்பா பிள்ளைகளுக்குள் இணைந்தால் வரும் அளவு 6.25 சதவீதம், ஒரே தாய்க்கோ தந்தைக்கோ பிறந்த பாதி உடன்பிறப்புகள் என்றால் 12.5. இந்தக் கூட்டத்தில் பூஜ்யம் கிடைக்காது. 12.5-ஐத் தாண்டினால் ஏன் அப்படி இணைத்தீர்கள் என்று மரியாதையாகக் கேட்கலாம். நல்ல பிரீடரிடம் அதற்கொரு காரணம் இருக்கும்.

குட்டியைப் பார்க்கப் போகும் நாளில் தாயோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 2020 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்தில் லூசி சட்டப்படி ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிகளை இடைத்தரகர்கள் விற்கக் கூடாது. வளர்த்தவரே, பிறந்த இடத்தில், தாயோடு காட்ட வேண்டும். எட்டு வாரம் முடிந்த குட்டிக்கு வளர்த்தவர் பெயரில் மைக்ரோசிப் இருக்க வேண்டும். தாயின் நடத்தையை ஊன்றிப் பாருங்கள். அந்நியர் வந்ததும் ஒருமுறை குரைத்துவிட்டு, பிறகு மோந்து பார்த்து அடங்குகிறதா? குட்டிகளை நீங்கள் தொடும்போது பொறுக்கிறதா? மூலையில் பதுங்குகிற தாயின் குட்டியை எடுக்காதீர்கள். குட்டியின் முன்னங்கால் லேசாக வெளிநோக்கி வளைந்திருப்பது இந்த இனத்தின் இயல்பு, ஆனால் இரண்டு காலும் ஒரே மாதிரி வளைந்திருக்க வேண்டும். ஒரு கால் மட்டும் அதிகம் திரும்பியிருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டாமல் பணம் கொடுக்க வேண்டாம்.

வாலையும் பாருங்கள். பழைய வழக்கப்படி க்ளென்னின் வாலைப் பாதியாக வெட்டுவார்கள். 2007 ஏப்ரலுக்குப் பிறகு இங்கிலாந்தில் அது தடை, வேலைக்குப் போகும் டெரியர்களுக்கு மட்டும் மருத்துவர் சான்றிதழோடு விலக்கு உண்டு. வீட்டுத் துணைக்கென்று விற்கும் குட்டியின் வால் வெட்டப்பட்டு, கையில் சான்றிதழும் இல்லையென்றால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

ஏமாற்றுக்காரர்களுக்கு அரிய இனங்கள் மிகவும் வசதி, ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு விளம்பரமே இருக்காது. 'இப்போதே தயார், வீட்டுக்கே அனுப்புகிறோம், முன்பணம் மட்டும் போடுங்கள்' என்று க்ளென் குட்டிக்கு விளம்பரம் வந்தால் அது பொய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காணொளி அழைப்பில் குட்டியின் பக்கத்தில் அன்றைய செய்தித்தாளை வைத்துக் காட்டச் சொல்லுங்கள், தாயின் பதிவுப்பெயரைக் கேட்டுக் கென்னல் கிளப் தளத்தில் சரிபாருங்கள். இரண்டுக்கும் சாக்குச் சொல்கிறவருக்கு ஒரு பவுண்டும் அனுப்பாதீர்கள்.

அயர்லாந்திலிருந்து எடுத்து வருவதாக இருந்தால் கணக்கு மாறும். மைக்ரோசிப்புக்குப் பிறகு ரேபிஸ் தடுப்பூசி, அதுவும் 12 வாரத்துக்கு முன் போட முடியாது, போட்டபின் 21 நாள் காத்திருப்பு. ஆக 15 வாரக் குட்டிதான் வரும். மனிதர்களோடும் மற்ற விலங்குகளோடும் பழக வேண்டிய முக்கியமான வாரங்கள் பிரீடர் வீட்டிலேயே கழிந்துவிடும் என்பதால் அங்கே பூனை, பிள்ளைகள், வாக்குவம் க்ளீனர் சத்தம் எல்லாம் குட்டிக்குப் பழக்கமாகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு யோசனையை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: வளர்ந்த நாய் கிடைத்தால் தட்டாதீர்கள். போட்டிகளிலிருந்தும் ஈற்றிலிருந்தும் ஓய்வு பெற்ற ஐந்தாறு வயதுப் பெட்டைகளுக்குப் பிரீடர்கள் நல்ல வீடு தேடுவதுண்டு. கண் பரிசோதனை, இடுப்பு எக்ஸ்ரே எல்லாம் முடிந்திருக்கும், குணமும் தெரிந்திருக்கும், காத்திருப்பும் குறையலாம். உங்கள் வீட்டுக்கு ஒரே நிபந்தனை, அந்த நாய் ஏற்கெனவே பூனையோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்திருக்க வேண்டும்.

வீட்டை இப்போதிருந்தே தயார் செய்யலாம். வேலி நான்கடி உயரம் இருந்தால் போதும். தாவுவதை விடத் தோண்டுவதில்தான் இதற்குத் திறமை. வேலியின் அடியில் வெல்டுமெஷ் கம்பி வலையை எல் வடிவில் மடித்து, தோட்டத்தின் உட்பக்கமாக 30 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தரைக்குக் கீழே பரப்பி, மேலே மண்ணோ கல்லோ போட்டுவிடுங்கள். வலையின்மேல் நின்றுகொண்டே தோண்டிப் பார்த்துவிட்டு விட்டுவிடும். ஒரு மூலையில் மணல் கொட்டி, தோண்டுவதற்கென்றே இடம் கொடுத்தால் பூச்செடிகள் தப்பும்.

ஒரு வயதுவரை குட்டியைச் சோபாவிலிருந்து குதிக்கவோ மாடிப்படி இறங்கவோ விடாதீர்கள். கட்டைக்கால் இனங்களில் முன்னங்காலின் அல்னா எலும்பு வளரும் பகுதி அடிபட்டு முன்கூட்டியே மூடிக்கொண்டால், பக்கத்து எலும்பு மட்டும் வளர்ந்து காலையும் முழங்கை மூட்டையும் கோணலாக்கிவிடும். எட்டுப் பத்துக் கிலோ குட்டியைப் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு படியேறவும் வேண்டாம், அந்தத் தடுப்புக் கதவு இதற்கும் உதவும்.

சாப்பாட்டை அளந்து போடுங்கள். 16 கிலோ நாய்க்கு ஓய்வில் தேவை ஏறத்தாழ 560 கலோரி, சாதாரண நடமாட்டத்தோடு 780 முதல் 900. உலர் தீவனமாக அது நாளுக்கு 210–250 கிராம் வரும், பயிற்சிக்குக் கொடுக்கும் துணுக்குகளும் இந்தக் கணக்குக்குள்தான். தடவினால் விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், தட்டுப்படவில்லை என்றால் பத்து சதவீதம் குறையுங்கள். நீண்ட முதுகும் கட்டைக் காலும் உள்ள நாய்க்கு இரண்டு கிலோ கூடினாலே மூட்டுகள் சொல்லிவிடும்.

மயிர் விஷயத்தில் கத்தரியும் மெஷினும் வேண்டாம் என்பதே என் கருத்து. மேல்மயிர் முரடு, அடியில் மென்மையான பஞ்சு மயிர். மெஷின் போட்டால் முரட்டு மயிர் பாதியில் வெட்டுப்பட்டு, செத்த வேர் தோலிலேயே தங்கும். வர வர மயிர் மென்மையாகி, நிறம் மங்கி, சேறும் ஈரமும் ஒட்டும். ஆண்டுக்கு இரண்டு முறை கையால் பறிக்க வேண்டும். ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்து, மறு கையின் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஏழெட்டு மயிர்களின் நுனியைப் பற்றி, வளரும் திசையிலேயே இழுங்கள். முதிர்ந்த மயிர் எதிர்ப்பில்லாமல் வரும், நாய் திரும்பிக்கூடப் பார்க்காது. வரவில்லை என்றால் இன்னும் இரண்டு வாரம் பொறுக்கலாம். விரல் வழுக்கினால் ரப்பர் விரலுறை போட்டுக்கொள்ளுங்கள். முழு நாய்க்கு இரண்டு மூன்று மணி நேரமாகும், இரண்டு மாலைகளாகப் பிரித்துச் செய்யலாம். முதல் முறை பிரீடரிடமே உட்கார்ந்து கற்றுக்கொள்வது நல்லது.

கடைசியாகச் சென்னை. இந்தியாவுக்குள் நாய்களை விற்பனைக்காகக் கொண்டுவருவதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்துவிட்டுக் குடிபெயர்ந்து திரும்புகிறவர்கள் தங்கள் வளர்ப்பு நாய்களை, ஆளுக்கு இரண்டு வரை, பயணப் பொதியாகக் கொண்டுவரலாம். விலங்குத் தொற்றுத்தடுப்பு அலுவலகத்தின் தடையில்லாச் சான்றிதழை முன்கூட்டியே வாங்க வேண்டும். சென்னையிலேயே அந்த அலுவலகம் இருக்கிறது. பதிவுத் தாளில் பிரீடர் 'ஏற்றுமதிக்கான வம்சாவளிச் சான்று கிடையாது' என்று குறித்திருக்கலாம். அது வெளிநாட்டில் பதிவதைத் தடுக்குமே தவிர நாய் பயணம் செய்வதைத் தடுக்காது.

சட்டத்தை விடப் பெரிய கேள்வி வெயில். விக்லோ மலையின் மழைக்கும் குளிருக்கும் ஏற்ற இரட்டை மயிர் இது. சென்னையில் பகல் முழுக்க ஏசி அறை, விடிகாலை ஆறரைக்குள் ஒரு நடை, இரவில் தரை ஆறியபின் இன்னொன்று, அடர்ந்த மயிருக்குள் தினமும் உண்ணி தேடுதல், மாதாமாதம் உண்ணி மருந்து என்பதே அதன் வாழ்க்கையாகிவிடும். பத்துப் பன்னிரண்டு வருடம் வாழும் நாய் என்பதால், மூன்று நான்கு வருடத்துக்குள் திரும்புவது உறுதியென்றால் இப்போது குட்டி எடுக்க வேண்டாம். திரும்புவது இன்னும் பேச்சளவில்தான் இருக்கிறதென்றால், வரும் மார்ச்சில் பர்மிங்காமுக்கு டிக்கெட் எடுங்கள், சங்கச் செயலாளருக்கான கடிதத்தை அதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.